சிங்கம் எழும்பும் நேரம்: மிருகக்காட்சிசாலை பற்றி வாசகர் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, "பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?" என்றுதான் கேட்கும். இம்முறை மிருகக்காட்சிசாலை பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம். டிக்கட் விலை எதையும் எழுதவில்லை. அது அச்சேறி உங்கள் கைக்கு வருவதற்குள் மாறிவிடுகிறது.

கேள்வி: மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. முதல் தடவையாகத் தெஹிவளைக்குப் போகிறோம். இரவு ரயிலில் போய், அடுத்த நாள் இரவே திரும்ப நினைக்கிறோம். ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்க்கலாமா? (கல்லடி)

பார்க்கலாம். ஆனால் எல்லாவற்றையும் பார்த்த பிள்ளைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. ஐந்து வயதுக் கால்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. அதிலும் தெஹிவளை மேடும் பள்ளமுமான இடம். ஏற்றத்தில் மகளை நீங்கள் தோளில் தூக்க வேண்டி வரும். ஆகவே ஆறேழு மிருகங்களை முதல் நாளே பிள்ளைகளோடு பேசி முடிவெடுங்கள். மற்றவை வழியில் கிடைத்தால் லாபம்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியதும் பெரிய பைகளை எங்கேயாவது வைத்துவிட்டு, கரையோரப் பாதை ரயிலில் தெஹிவளை நிலையத்துக்குப் போங்கள். அங்கிருந்து ஓட்டோவில் கொஞ்சத் தூரம்தான். காலை 8.30க்கு வாசல் திறக்கும். அந்த நேரத்துக்கு அங்கே நிற்பதுதான் பாதி வெற்றி. பத்து மணிக்குப் பிறகு பாடசாலைப் பஸ்கள் வந்து இறங்கத் தொடங்கினால், முன்வரிசையில் உங்கள் மகளின் தலைக்கு இடமிருக்காது.

நுழைந்ததும் நேரே சிங்கம், புலி, சிறுத்தை இருக்கும் பக்கம் போங்கள். வெயில் ஏறினால் பூனைச் சாதி எல்லாம் படுத்துவிடும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை சோம்பிக் கிடக்கும் பிராணி. மதியம் 12 மணிக்குப் போய் நின்று, "இது செத்துப்போய்ட்டா அப்பா?" என்று கேட்கும் பிள்ளைகளை எந்த நாளும் அங்கே காணலாம். கர்ஜனையும் பெரும்பாலும் விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். காலையில் ஒரு சிங்கம் தொடங்கினால் நடப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நில்லுங்கள். திறந்த வெளியில் எட்டுக் கிலோமீற்றர் தூரம்வரை கேட்கக்கூடிய சத்தம் அது. பக்கத்தில் நின்றால் காதைவிட நெஞ்சுக்குள் அதிகம் கேட்கும்.

பிறகு ஒட்டகச்சிவிங்கி. அது இலை பறிக்கும்போது நாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட ஒரு முழ நீளம், கறுத்த ஊதா நிறம். மகன் அதைப் பத்து நிமிடம் பார்த்தால் பார்க்கட்டும், இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

பதினொன்றிலிருந்து இரண்டு மணிவரை ஊர்வனவும் மீன்களும். நிழல் கிடைக்கும், கால் ஆறும், அந்தப் பிராணிகளுக்கும் நேரம் பெரிதில்லை. பாம்புக் கூண்டை "ஒன்றும் இல்லை" என்று சொல்லிக் கடந்துபோவதுதான் எல்லோரும் விடும் பிழை. முதலில் மேல் மூலையையும் கிளையையும் பாருங்கள், பிறகு தண்ணீர்ச் சட்டியின் ஓரம், கடைசியாகக் கல்லின் அடி. பாம்பின் கண் பால் ஊற்றியதுபோல் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் அது சட்டை கழற்றப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் அதற்குப் பார்வை சரியாகத் தெரியாது, ஒளிந்துதான் இருக்கும். கண்ணாடியைத் தட்டி அதை எழுப்பப் பார்க்கும் அண்ணன்மார் எப்போதும் இருப்பார்கள். உங்கள் பிள்ளை அவர்களில் ஒருவராக வேண்டாம்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். சோத்துப் பார்சலை விரிக்கும் இடத்துக்குக் காகம் உங்களுக்கு முன்பே வந்துவிடும். குழம்பு ஊற்றிய சோற்றைவிட ரொட்டியும் அவித்த முட்டையும் வசதி. இரண்டு மணிக்குப் பிறகு மகள் அழத் தொடங்கினால் அன்றைய காட்சி முடிந்தது. வெளியே வந்து கடற்கரையில் கால் நனைத்துவிட்டு ரயிலைப் பிடியுங்கள்.

மகனுக்குச் சொல்ல ஒரு சின்ன வரலாறு: இந்த இடம் ஜோன் ஹேகன்பெக் என்ற ஜேர்மானியரின் கையில் இருந்தது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு மிருகங்களை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். அந்தக் கம்பனி முறிந்ததும் 1936இல் அரசாங்கம் பொறுப்பெடுத்தது.

கேள்வி: எங்கள் வட்டைக்குள் யானை இறங்கினால் வெடி கொளுத்தி விரட்டுகிறோம். வாடியில் இரவெல்லாம் முழித்திருக்கிறோம். அதே யானையைக் காசு கொடுத்துப் பின்னவலையில் பார்க்க வேண்டுமா? பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். (அக்கரைப்பற்று)

நியாயமான கேள்வி. ஆனால் வரம்பில் நின்று டோர்ச் வெளிச்சத்தில் நீங்கள் பார்ப்பது யானையின் முதுகையும் கோபத்தையும் மட்டும்தான். யானை எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்க அது அமைதியாக நிற்க வேண்டும், நீங்களும் பயமில்லாமல் நிற்க வேண்டும். அது பின்னவலையில் கிடைக்கும்.

என்னென்ன பார்க்கலாம் என்று சொல்கிறோம், பிள்ளைகளிடம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்காலில் நகம் ஐந்து, பின்காலில் நான்கு. தும்பிக்கை நுனியில் விரல்போல ஒரு முனை. ஆபிரிக்க யானைக்கு அது இரண்டு. தாயின் மடி மாட்டுக்குப்போல் பின்னால் இல்லை, முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. குட்டி பால் குடிப்பது வாயால், தும்பிக்கையை மேலே மடித்துக்கொண்டு. சில மாதக் குட்டிக்குத் தும்பிக்கை இன்னும் வசப்பட்டிருக்காது. அதைக் கயிறுபோல ஆட்டிக்கொண்டு தானே மிதித்துத் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை கிடையாது. தந்தம் உள்ள கொம்பனைத் தேடிப் பாருங்கள். நம் நாட்டில் ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடத் தந்தம் இருக்காது, மற்றதெல்லாம் அலியன்தான்.

1975இல் தாயற்ற குட்டிகளுக்காகத் தொடங்கிய இடம் இது. 1978இல் மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்திடம் போனது. 1984இல் முதல் குட்டி அங்கேயே பிறந்தது. 2021இல் ஒரு பெண் யானை இரட்டைக் குட்டி போட்டது, யானையில் அது மிக அபூர்வம்.

நாளுக்கு இரண்டு தடவை, காலை 10 மணிக்கும் பின்னேரம் 2 மணிக்கும், கூட்டமாக வீதியைக் கடந்து மகா ஓயாவுக்குக் குளிக்கப் போகும். நீங்கள் கால் மணி முன்பே ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பின்னால் நடந்து போனால் யானையின் வாலும் வெளிநாட்டுக்காரரின் தொப்பியும்தான் தெரியும். முதல் அரை மணியில் யானைகள் தண்ணீரில் சரிந்து படுக்கும், குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதன் பிறகு சும்மா நிற்கும், அப்போது நீங்கள் புறப்படலாம். மலைநாட்டில் மழை கொட்டி ஆறு பெருகியிருந்தால் யானைகளை இறக்க மாட்டார்கள். மே, ஜூனில் போகிறவர்கள் முதல் நாளே போன் பண்ணிக் கேட்பது நல்லது.

ரயிலில் போகிறவர்கள் கொழும்பு வரை போகத் தேவையில்லை. மட்டக்களப்பு ரயில் மாகோ, குருநாகல் வழியாகப் பொல்கஹவெலவைத் தொடும். அங்கே இறங்கிக் கண்டிப் பாதையில் ரம்புக்கனைக்கு மாறுங்கள், பிறகு ஓட்டோ. இதில் ஒரு சிக்கல்: இரவு ரயில் இருட்டோடு உங்களை இறக்கிவிடும், பகல் ரயிலில் போனால் பத்து மணிக் குளிப்பு கிடையாது. பிள்ளைகளோடு என்றால் நாலு குடும்பம் சேர்ந்து வான் பிடிப்பதே சுகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யானையைச் சங்கிலியில் பார்க்க மனம் ஒப்பாதவர்களுக்கு எங்கள் தெரிவு உடவளவையில் உள்ள குட்டிகள் இடைத்தங்கல் நிலையம். 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கியது. காட்டில் தாயை இழந்த, கிணற்றில் விழுந்த, சுடுபட்ட குட்டிகளை வளர்த்து, ஏறக்குறைய ஐந்து வயதில் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். தொட முடியாது, ஊட்ட முடியாது, தூரத்தில் மேடையில் நின்றுதான் பார்க்கலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். கதவைத் திறந்ததும் ஆறேழு குட்டிகள் காதை விரித்துக்கொண்டு ஓடிவரும். பராமரிப்பாளர் உயரத்தில் பிடித்த புனலில் பாலை ஊற்ற, குழாய் வழியாக அது குட்டியின் வாய்க்குள் இறங்கும். குடித்து முடித்தது இன்னொரு தரம் வரிசையில் புகப் பார்க்கும், தள்ளி அனுப்புவார்கள். முழுக்காட்சியும் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பிந்திப் போனால் அடுத்த பால் நேரம்வரை வெறும் பற்றையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். யானையால் நட்டப்பட்ட ஊர்ப் பிள்ளைகள் இதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். அதற்காகவே போகலாம்.

கேள்வி: உம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வருத்தம். நடக்காமல் மிருகங்களைப் பார்க்க ஓரிடம் சொல்லுங்கள். (காத்தான்குடி)

ரிதியகம. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், 2016இல் திறந்த சபாரி பூங்கா. ஏறக்குறைய 500 ஏக்கர். மிருகங்கள் வெளியில் திரியும், நீங்கள் பூங்காவின் பஸ்ஸுக்குள் அடைபட்டு உட்கார்ந்திருப்பீர்கள். சிங்கப் பகுதி, யானைப் பகுதி, புல்லுண்ணிகள் பகுதி என்று இரட்டைக் கதவு தாண்டித் தாண்டிப் போகும்.

உம்மாவுக்குக் கஷ்டம் பஸ்ஸின் படிதான், அது உயரம். வீட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுபோங்கள். ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். எந்தப் பக்க ஜன்னல் என்று சாரதியிடமே கேட்டால் சொல்வார், நாளுக்கு நாள் சிங்கம் படுக்கும் மரம் மாறும். பஸ் உங்களுக்காக நிற்காது, கமராவை முதலே திறந்து வைத்திருங்கள். வெயில் அங்கே நம் பக்கத்தைவிட மோசம், தூசியும் பறக்கும். முதல் பஸ்ஸில் ஏறுவதுதான் சரி. சுற்று முடியுமுன் இறங்க முடியாது என்பதால் மலசலகூடத்துக்கு முதலே போய்வர வேண்டும். முதியவர்கள் கூச்சத்தில் சொல்லாமல் இருந்துவிடுவார்கள், நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

பாதை: அக்கரைப்பற்று, பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, பிறகு தெற்கே தணமல்வில. ஐந்தாறு மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் போய்வருவது உம்மாவின் முழங்காலுக்கு ஆகாது, ஓர் இரவு தங்குங்கள். தணமல்விலவிலிருந்து உடவளவை மேற்கே இருக்கிறது. இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். புத்தளையிலிருந்து கதிர்காமம் போகும் குறுக்குப் பாதையில் திரும்பினால் தூரம் குறைகிறது, ஆனால் அங்கே யானை வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்கப் பழகியிருக்கிறது. ஜன்னலை மூடி, பழ வாசனை வரும் பைகளைக் காலடியில் தள்ளிவிட்டு, அது விலகும்வரை பொறுங்கள். ஒரு வாழைப்பழம் கொடுத்தால் அடுத்த வானின் ஜன்னல் உடையும்.

கேள்வி: கம்பி வலைக்குப் பின்னால் உள்ள மிருகத்தைப் போனில் எடுத்தால் வலைதான் தெளிவாக விழுகிறது. (செங்கலடி)

போனை வலையோடு ஒட்டி வையுங்கள். லென்ஸ் ஒரு கட்டத்தின் நடுவில் வர வேண்டும். போனில் இரண்டு மூன்று லென்ஸ் இருந்தால் எது வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பாருங்கள். பலர் வேறு லென்ஸை வலைக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அகல லென்ஸ் வேண்டாம், 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸ் எடுங்கள். மிருகம் வலையிலிருந்து குறைந்தது இரண்டு மூன்று மீற்றர் உள்ளே நிற்கும்போது எடுத்தால் வலை கரைந்துவிடும். அது வலையோடு ஒட்டி நின்றால் எந்தப் போனாலும் முடியாது. வெயில் பட்டு மினுங்கும் வலையை விட்டு நிழலில் உள்ள பகுதிக்கு நகருங்கள். மிருகத்தின் கண்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் குவியம் பூட்டிக்கொள்ளும். ஆனால் உங்களுக்கும் கூண்டுக்கும் இடையில் தடுப்புக் கம்பி இருந்தால் அதைத் தாண்டிப் போய் ஒட்டக்கூடாது. குரங்குக்குக் கை நீளம். போன் போனால் திரும்பி வராது.

கண்ணாடிக்கு: துணியால் துடைத்து, போனைச் சரிவாக இல்லாமல் நேராக ஒட்டி, பின்னால் ஒருவரைக் கறுப்பு உடையோடு நிற்க வையுங்கள், பிரதிபலிப்பு போய்விடும். பிளாஷ் எங்கேயும் வேண்டாம்.

கேள்வி: நான் 8ஆம் ஆண்டு படிக்கிறேன். சிங்கமும் புலியும் ஏன் ஒரே கோட்டில் போய்ப் போய் வருகின்றன? அவற்றுக்குப் பைத்தியமா? (வாகரை)

நல்லாப் பார்த்திருக்கிறாய், தம்பி. பைத்தியம் என்று சொல்ல முடியாது, ஆனால் சுகம் என்றும் சொல்ல முடியாது. காட்டில் பெரும் பரப்பில் திரிந்து வேட்டையாடும் மிருகங்களில்தான் இந்த நடை அதிகம். உடம்பு நடக்கச் சொல்கிறது, போக இடமில்லை. யானை நின்ற இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டிருப்பதும் இதே வகை.

ஒன்றைக் கவனி. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் கதவுப் பக்கமாக நடந்தால் அது பசியும் எதிர்பார்ப்பும், பெரிதாக எடுக்கத் தேவையில்லை. இறைச்சி போட்டதும் நிற்கும். சாப்பிட்ட பிறகும், நீ அரை மணி கழித்துத் திரும்பி வந்தபோதும், அதே இடத்தில் கால் வைத்து அதே இடத்தில் திரும்பினால், தரையைப் பார். புல் செத்து ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால் அது நாள்பட்ட பழக்கம். பல மிருகக்காட்சிசாலைகளில் மாமிசம் தின்னும் மிருகங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுவது வழக்கம். அன்று நடை கூடத்தான் இருக்கும். ஆகவே ஒரு நாளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே.

நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கூண்டு பெரிதா என்பதைவிட, உள்ளே மிருகம் செய்ய என்ன இருக்கிறது என்று பார். ஏறி நிற்க உயரமான இடம், நகம் தீட்ட மரம், நம் கண்ணுக்குப் படாமல் ஒளிய ஒரு மூலை, தேடி எடுக்கும்படி மறைத்து வைத்த சாப்பாடு. மிருகம் ஒளிந்திருக்கிறது என்று பெரியவர்கள் முறைப்பாடு செய்யும் கூண்டுதான் அநேகமாக நல்ல கூண்டு.

உன் கடிதத்தில் "புலி" என்று எழுதிய இரண்டாவது மிருகம் எது? உடம்பில் புள்ளி வட்டங்கள் என்றால் சிறுத்தை. நம் ஊரில் அதையும் புலி என்றுதான் சொல்வோம். கோடு போட்ட வரிப்புலி இந்த நாட்டுக் காட்டில் கிடையாது, மிருகக்காட்சிசாலையில்தான் பார்க்கலாம்.

கேள்வி: கண் ஆபரேஷனுக்குச் சென்னை போகிறோம், நடுவில் நான்கு நாள் சும்மா இருக்கும். வண்டலூரா, முதலைப் பண்ணையா? (திருக்கோவில்)

ஆபரேஷனுக்கு முதல் நாட்கள் என்றால் இரண்டும் போகலாம். பிறகு என்றால் வெயிலும் தூசியும் உள்ள வண்டலூர் வேண்டாம், டொக்டரைக் கேட்டு முதலைப் பண்ணைக்குப் போங்கள்.

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேயர். தெஹிவளையை அதற்குள் பல தடவை வைக்கலாம். 1855இல் சென்னை நகரத்துக்குள் தொடங்கி, 1985இல் இங்கே இடம் மாறியது. செவ்வாய்க்கிழமை பூட்டு. இதைத் தெரியாமல் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். நடந்து பார்க்க நினைக்காதீர்கள், வாசலிலேயே பற்றரி வண்டிக்கு டிக்கட் எடுங்கள், கூட்டம் கூடினால் அது முதலில் முடிந்துவிடும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போகும் மின்ரயிலில் வண்டலூரில் இறங்கினால் போதும்.

முதலைப் பண்ணை மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ரோமுலஸ் விற்றேக்கர் 1976இல் தொடங்கியது. திங்கட்கிழமை பூட்டு. இடம் சிறியது, மர நிழல், இரண்டு மணி நேரம் போதும். வாவிக்கரைக்காரர்களான நமக்கு முதலை புதிதல்ல, ஆனால் நாம் பார்ப்பது தண்ணீருக்கு மேல் தெரியும் கண்ணும் மூக்கும் மட்டும். அங்கே முழு உடம்பையும் பல இனங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடப்பது கோபத்தால் அல்ல, உடம்புச் சூட்டை வெளியேற்றுவதற்கு. நீண்டு மெலிந்த மூக்கோடு ஒன்று கிடக்கும், அது கரியால். மீன் பிடிக்கவே செய்ததுபோன்ற வாய். வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் ஒரு சின்னச் சட்டி கவிழ்த்ததுபோல் புடைப்பு இருக்கும். இலங்கையில் அந்த இனம் இல்லை. இரண்டில் ஒன்றுதான் என்றால் எங்கள் வாக்கு முதலைப் பண்ணைக்கே.

கேள்வி: சிங்கப்பூரில் மகள் இருக்கிறாள். அங்கே எதைத் தவறவிடக் கூடாது? (களுவாஞ்சிக்குடி)

இரவு சபாரி. 1994இல் தொடங்கியது. இரவில் திரியும் மிருகங்களுக்காகவே கட்டியது, பகலில் தூங்கி வழியும் மிருகங்கள் அங்கே வேலையாக இருக்கும். ட்ராமில் ஒரு சுற்றுப் போய்விட்டு, கட்டாயம் இறங்கி நடைபாதையிலும் நடவுங்கள், சிறிய மிருகங்கள் அங்கேதான். நுழையும் நேரம் குறித்த டிக்கட் என்பதால் மகளை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பகல் மிருகக்காட்சிசாலை 1973இலிருந்து இருக்கிறது. கம்பிக்குப் பதில் அகழியும் தண்ணீரும் தடுப்பாக இருப்பதுதான் அதன் சிறப்பு. ஒராங்குட்டான்கள் தலைக்கு மேல் மரத்தில் போகும். பழைய ஜூரோங் பறவைப் பூங்காவைத் தேடிப் போகாதீர்கள். அது 2023 ஜனவரியில் மூடப்பட்டு, பறவைகள் மண்டாய்க்கு வந்துவிட்டன. மூன்றும் இப்போது ஒரே பக்கத்தில்.

கேள்வி: மான்களுக்குப் பாண் துண்டு போட்டதற்கு ஒரு காவலர் ஏசிவிட்டார். ஒரு துண்டில் என்ன வந்துவிடும்? (ஏறாவூர்)

உங்கள் ஒரு துண்டில் ஒன்றும் வராது. அன்றைக்கு வந்த ஆயிரம் பேரும் ஒவ்வொரு துண்டு போட்டால்? மான் அசைபோடும் மிருகம். புல்லுக்கும் இலைக்கும் பழகிய வயிற்றில் மா விழுந்தால் புளித்துப் பொருமும், சிலவேளை சாகும். அதைவிட மோசம் பாண் சுற்றிவந்த சொப்பிங் பேக். உப்பும் எண்ணெயும் மணந்தால் மான் அதையும் சேர்த்து விழுங்கும். திருகோணமலைக் கோட்டை மான்கள் பொலித்தீன் தின்று செத்த கதை தெரிந்ததுதானே. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகளுக்கும் அதே கதி. காவலர் ஏசினாலும் சரியாகத்தான் ஏசியிருக்கிறார்.

கேள்வி: காசு செலவழித்து அவ்வளவு தூரம் போகாமல், எங்கள் பக்கத்திலேயே பார்க்க ஒன்றுமில்லையா? (பொத்துவில்)

நீங்கள் இருக்கும் இடத்துக்குத்தான் மற்றவர்கள் காசு செலவழித்து வருகிறார்கள்! லகுகலை உங்களுக்குக் கூப்பிடு தூரம். வறண்ட மாதங்களில் பின்னேரம் நாலரைக்குப் பிறகு குளத்துப் புல்லுக்கு யானைகள் இறங்கும். ஆறரைக்கு முன் திரும்பிவிடுங்கள், அதுவும் மோட்டார் சைக்கிள் என்றால் இன்னும் முன்பே. வீதியில் யானை நின்றால் நூறு மீற்றருக்கு அப்பாலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்காமல், பெரிய லைட்டைக் குறைத்து, இஞ்சினை ஓடவிட்டபடி திரும்பத் தயாராக இருங்கள். கூட்டமாக நிற்பதைவிடத் தனி ஆண் ஆபத்து.

குமணைக்குப் பாணமை, ஒக்கந்தை வழி. மே முதல் ஜூலை வரை வில்லுக் குளத்து மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். சத்தத்தையும் நாற்றத்தையும் வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஜீப் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், ஆறு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். விடியற்காலை வாசல் திறக்கும்போதே நுழையுங்கள். நல்ல தொலைநோக்கி ஒன்று இரவல் வாங்கிக்கொள்ளுங்கள், 8 மடங்கு போதும். 12 மடங்கு, ஜீப் குலுக்கலில் கைக்கு நிற்காது.

எங்களுக்குப் பிடித்தது கல்லோயாதான். 1954இல் தேசிய பூங்காவானது. இங்கினியாகலையில் ஏறி, சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போகும் சபாரி. தண்ணீர் குறைந்த மாதங்களில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்தும். முதலில் ஒரு கறுப்புத் தடி மிதப்பதுபோல் தெரியும். தும்பிக்கை நுனி அது. பிறகு நெற்றி மேலே வரும், பின்னால் இன்னொரு நெற்றி. குட்டி இருந்தால் இரண்டு பெரியவற்றுக்கு நடுவில்தான் வரும். படகோட்டியிடம் இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள், அவை போகும் வழியை மறிக்க விடாதீர்கள். கச்சான் காற்று வீசும் நாட்களில் பத்து மணிக்குப் பிறகு சமுத்திரம் அலையெறியும், காலை ஆறு மணிப் படகு பிடிப்பதே புத்தி. உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் எண்ணுங்கள். பிள்ளைகளின் அளவில் இல்லாவிட்டால் ஏறாதீர்கள்.

கேள்வி: கூட்டத்தில் பிள்ளை தவறிவிட்டால்? (கல்முனை)

உள்ளே போகும்போதே வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள், அன்றைய உடுப்பு அதில் இருக்கும். உங்கள் போன் இலக்கத்தைப் பேனையால் பிள்ளையின் முன்கையில் எழுதுங்கள். வியர்வைக்கு அழியாமல் மேலே ஒரு துண்டு செலோடேப். "தொலைந்தால் தேடி நடக்காதே, நின்ற இடத்திலேயே நில், சீருடை போட்டவரிடம் கையைக் காட்டு" என்று இரண்டு தடவை சொல்லி, திருப்பிச் சொல்ல வையுங்கள். பெரும்பாலும் பிள்ளை தவறுவது குரங்குக் கூண்டடியில்தான். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் அது.